நூலில் வந்த கால் அளவு

காலை ஆறு மணி இருபது நிமிடம். மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த எஸ்டேட் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மாப்பிள்ளையின் வலது பாதம். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, வேட்டியை முழங்கால் வரை ஏற்றிவிட்டு, காலை எதிர்பெஞ்சில் நீட்டியிருந்தார். குதிகால் பக்கம் குறுகி, முன்பக்கம் விசிறி போல விரிந்த பாதம். ஐந்து விரல்களும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நின்றன. சுண்டுவிரலுக்குக் கீழே எலும்பு ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்குப் புடைத்திருந்தது.

என் கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, மடித்த கோட்டு, ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்து. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். ஷூவுக்கு எங்கள் வாயில் அந்தச் சொல்தான் வரும். கூர் முனை. கயிறு கட்டுவது. நான் தேர்ந்தெடுத்தது.

அந்தப் பாதம் இந்தச் சப்பாத்துக்குள் போகாது என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. முகூர்த்தம் ஒன்பது மணிக்கு.

ஒரு ஜோடி சப்பாத்துக்காகக் கல்யாணம் நிற்குமா என்று கேட்கலாம். நிற்கும் என்றுதான் அன்று நான் நம்பினேன். அதற்குக் காரணம் இருந்தது.

அக்காவுக்கு அப்போது முப்பது நடந்துகொண்டிருந்தது. அங்கே இருந்தபோது தாய்மாமன் மகனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது; மாமன் குடும்பத்துக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை வந்தது. நாங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். அவரிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. மூன்றாவதாக வந்தது அவருடைய கல்யாணப் பத்திரிகை. அப்பா மண்டபம் முகாமிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். சேரம்பாடியில் எங்களுக்கு லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு காம்பராவும், அம்மாவுக்கும் அக்காவுக்கும் கொழுந்து பறிக்கிற வேலையும், எனக்கு ஸ்டோரில் எழுதுகிற வேலையும் கிடைத்தன. அதன் பிறகு அக்காவைப் பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர். இருவரும் வயதைக் கேட்டார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள். அம்மாவுக்கு இளைப்பு. மழைக்காலத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விடுவார். நான்காவதாக ஓர் இடம் வரும் என்று எங்கள் வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

வந்தது. கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் வெட்டி மட்டம் செய்கிற வேலை. வயது முப்பத்து நான்கு. அவருடைய அப்பா இலங்கையில் தங்கிவிட்டார். இவரை வளர்த்தது அப்பாவின் அக்கா. எல்லோருக்கும் அவர் அத்தை; எங்களுக்கும் அத்தை. ஒரு பெண் வீட்டில் தட்டு மாற்றுகிற நேரத்தில் தேங்காய் அழுகியிருந்தது என்று எழுந்து வந்தவர். இன்னொரு வீட்டில் விளக்கு அணைந்தது என்று வாசலோடு திரும்பியவர். இது எங்களுக்கு முன்பே தெரியும். நிச்சயத்தன்று அம்மா ஐந்து தேங்காய்களை உடைத்துப் பார்த்துவிட்டு ஆறாவதைத் தட்டில் வைத்தார். உடைத்துப் பார்த்ததால் ஆறாவது எப்படி இருக்கும் என்று தெரியப்போவதில்லை என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அன்று அத்தை கேட்டது ஒன்றே ஒன்று.

"நகை வேணாம். பாத்திரம் வேணாம். பிள்ளைக்குக் கோட்டும் சப்பாத்தும் பொண்ணு வீட்டுல இருந்து வரணும். எங்க தோட்டத்து வழக்கம்."

"எங்க தோட்டத்துல வேட்டி துண்டுதாங்க," என்றார் அம்மா.

"உங்க தோட்டத்துல எப்புடியோ. எங்க தோட்டத்துல தொரை வந்தா செருப்பக் கழட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிக்கணும். எங்க அப்பாவும் நின்னாரு, எங்க தம்பியும் நின்னான். கல்யாணத்தன்னிக்கு மட்டும் சப்பாத்து. அன்னிக்குத் தொரையும் ஒண்ணும் கேக்க மாட்டாரு. கயிறு கட்டுற சப்பாத்தா இருக்கணும். சும்மா கால நொழைக்கிறது வேணாம்."

இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. இங்கே ஒவ்வொரு லயத்திலும் பத்துத் தோட்டத்து ஆட்கள் இருந்தோம். யார் எந்த வழக்கத்தைச் சொன்னாலும், கடல் தாண்டிப் போய் உண்டா இல்லையா என்று பார்த்து வர வழியில்லை. உறுதியாகச் சொன்னவர் சொன்னதுதான் வழக்கம்.

நிச்சயத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டாரோடு கடைவீதியில் நிற்கக் கூடாது என்பதும் அவர்கள் தோட்டத்து வழக்கம். அதனால் கால் அளவு தபாலில் வந்தது. கடிதத்துக்குள் மஞ்சள் தடவிய நூல் ஒன்று. இரண்டு முனையிலும் முடிச்சு. குதிகாலிலிருந்து கட்டைவிரல் வரை. எங்களில் யாருக்கும் அதில் குறை தெரியவில்லை. வாழ்நாளில் நாங்கள் வாங்கியதெல்லாம் ரப்பர் செருப்பு. அதற்கு நீளம் போதும்.

ஊட்டியில் மார்க்கெட்டுக்குக் கீழே இருந்த கடைக்குப் போனேன். கடைக்காரர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். நூலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங்க, ஆளு வரலீங்களா?"

"வரக் கூடாதுங்க."

"இது நல்லா இருக்குதே. அகலம் எந்த நூல்ல இருக்குதுங்க?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மாப்ள என்ன வேலைங்க?"

"கவ்வாத்து."

"அப்ப செருப்பே போடாத காலுங்க. வெரலெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சண்ட போட்ட மாதிரி நிக்கும். அந்தக் காலுக்குக் கூரு மொன ஆகாதுங்க." அவர் மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கீழே வைத்தார். கட் ஷூ, கயிறு இல்லை, முனை வட்டம், தோல் மெத்தென்று இருந்தது. "கல்யாணத்துல நாலு தரம் கழட்டோணும், நாலு தரம் மாட்டோணும். இதுதானுங்க லாயக்கு. ஒரு நம்பர் பெருசா எடுத்துக்குங்க. கூடுச்சுன்னா உள்ள அட்டை வெக்கலாம். கொறஞ்சா காலையா வெட்ட முடியும்?"

"கயிறு கட்டுறதுதான் வேணும்னு சொல்லிட்டாங்க."

"யாருங்க, மாப்ளயா?"

"அவங்க அத்தை."

"அப்ப அந்தம்மா கால் அளவக் குடுங்க," என்றார்.

ஆனாலும் நான் கேட்ட மாதிரியையே எடுத்துத் தந்தார். நூலை உள்ளே வைத்துப் பார்த்தேன். முடிச்சுக்கும் முனைக்கும் நடுவே அரை விரல் இடம் இருந்தது. பிறகு என் காலை நுழைத்துக் கடைக்குள் பத்து அடி நடந்தேன். கச்சிதமாக இருந்தது. ஸ்டோரில் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவனின் கால் என்னுடையது. அதை அங்கே யோசிக்கவில்லை. கடையின் தரை சமமாக இருந்தது என்பதையும் யோசிக்கவில்லை. எங்கள் எஸ்டேட்டில் சமமான தரை ஃபேக்டரிக்குள் மட்டும்தான்.

"எட்டு நாளைக்கு ஊட்டுக்குள்ளயே போட்டு நடக்கச் சொல்லுங்க. தோலு எளகோணும்," என்று சொல்லித்தான் கட்டிக் கொடுத்தார். அதையும் செய்ய முடியவில்லை. சீர் தட்டில் வைத்து, கல்யாணத்தன்று காலையில்தான் மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும்.

அந்தத் தட்டோடுதான் இப்போது நின்றுகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை சப்பாத்தைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. அத்தை பக்கத்து வகுப்பில் பெண்களுக்குப் பூப் பங்கிட்டுக்கொண்டிருந்தார், குரல் கேட்டது.

"கதவச் சாத்துங்க தம்பி," என்றார் மாப்பிள்ளை.

இடது கால் பவுடர் போட்டதும் போனது. வலது கால் பாதியில் நின்றது. கயிற்றை முழுக்க உருவினேன். உள் அட்டையைப் பெயர்த்து எடுத்தேன். காலுறையைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு முயன்றோம், வியர்த்து ஒட்டிக்கொண்டது. திரும்பக் காலுறை போட்டோம். டீ கலக்கிய கரண்டியின் காம்பைக் குதிகாலுக்குப் பின்னால் விட்டு நெம்பினேன். காம்பு வளைந்தது. ஏழு மணி ஐந்து நிமிடம்.

"பக்கத்துல கொஞ்சம் கீறி விட்டுடவா மச்சான்? சுண்டுவிரல் கிட்ட மட்டும்?"

"கீறுனா அத்த பாத்துரும். புதுச் சப்பாத்து கிழிஞ்சிருச்சுன்னா அது ஒண்ணு போதும்."

"அப்ப நீங்களே சொல்லிப் பாருங்க. வேட்டி செருப்போட வர்றேன்னு."

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். "எனக்கு முப்பத்தி நாலு தம்பி," என்றார். "நானும் எத்தன தேங்காயத்தான் பாக்கறது."

பிறகு எழுந்து நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு, முழு உடம்பின் பாரத்தையும் வலது காலில் இறக்கினார். உள்ளே ஏதோ நெரிகிற சத்தம். கால் போய்விட்டது. அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. நெற்றியில் மட்டும் முத்து முத்தாக வியர்த்திருந்தது. நான் கயிற்றைக் கட்டினேன்.

கதவு திறந்தது. அத்தை உள்ளே வந்து, தலையிலிருந்து கால் வரை பார்த்தார். குனிந்து சப்பாத்தின் முனையைத் தொட்டார். "எங்க தம்பி இருந்து பாக்கணும்," என்றார். அந்த ஒரு நொடி அவரை எனக்குப் பிடித்திருந்தது. உடனே, "நட பாப்போம்," என்றார்.

மாப்பிள்ளை நடந்தார். மூன்றாம் வகுப்பின் குறுக்கே எட்டு அடி போய், எட்டு அடி வந்தார்.

"என்னடா, முள்ளு மேல நடக்குற மாதிரி நடக்குற?"

"புதுசுல்ல அத்த."

"தொரைமாரு நடக்குறதப் பாத்ததில்லையா? நெஞ்ச நிமித்து."

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு ஊர்வலம் கிளம்பியது. பள்ளிக்கூடம் மேட்டில். எங்கள் லயம் கீழே ஓடை ஓரத்தில். முக்கால் மைல், முழுக்க இறக்கம். ஆவணித் தூறல் விட்டு விட்டுப் பெய்தது. முன்னால் நாயனமும் தவுலும், பிறகு மாப்பிள்ளை, குடை பிடித்தபடி நான், பின்னால் பெண்கள். இறக்கத்தில் உடம்பு முன்னால் சாயும்போது கால் சப்பாத்தின் கூர் முனைக்குள் தள்ளப்படும். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு அடிக்கும் என் தோளைப் பிடித்தார். முதல் வளைவு வரை லேசாக. இரண்டாவது வளைவுக்குப் பிறகு அவர் விரல்கள் என் எலும்பில் பதிந்தன.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"அந்த சில்வர் ஓக் மரம் தாண்டினதும், மச்சான்."

அந்த மரம் தாண்டி இன்னொரு வளைவு இருந்தது. நான் சொல்லவில்லை. எங்கள் லயத்துக்காரர்கள் சிலர் வழியில் நின்று பார்த்தார்கள். "மாப்பிள்ள தொரைக்கு சலாம்," என்று ஒருவன் கத்தினான். சிரித்தார்கள். மாப்பிள்ளையும் கையைத் தூக்கினார்.

பந்தல் வாசலில் நாற்காலி போட்டிருந்தது. மாப்பிள்ளை அதில் உட்கார வேண்டும். பெண்ணின் தம்பி அவர் காலைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவி உள்ளே கூட்டிப்போக வேண்டும். இது எல்லாத் தோட்டத்திலும் உண்டு. அதாவது, இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய சப்பாத்தை முக்கால் மைல் தாண்டியதும், நூறு பேர் பார்க்க, நான்தான் கழற்ற வேண்டும். காலையிலிருந்து அதை ஏற்றுவதைப் பற்றி மட்டுமே நினைத்திருந்தேன்.

முட்டி போட்டு உட்கார்ந்தேன். இரண்டடி தள்ளி அத்தை. அவருக்குப் பக்கத்தில் எங்கள் லயத்துப் பெண்கள் இரண்டு பேர், ஆளுக்கொரு தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆலத்தியோடு. இடது காலைக் கழற்றினேன், கழுவினேன். வலது காலின் கயிறு நனைந்து முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பியும் வரவில்லை. பல்லால் இழுத்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

சப்பாத்து வந்தது. காலுறை கறுப்பு, அதில் எதுவும் தெரியவில்லை. ஆனால் தொட்டதும் கை பிசுபிசுத்தது. மழை ஈரம் அப்படி இருக்காது.

நான் அண்ணாந்து மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் நேராகப் பந்தலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலுறையை என் இரண்டு கைக்குள்ளும் மறைத்து உருவினேன். சுண்டுவிரலின் நகம் அதோடு வந்தது. புடைத்த எலும்பின் மேல் தோல் ஒரு எட்டணாக் காசு அளவுக்கு இல்லை. கால் தாம்பாளத்தைத் தொட்டதும், இடது காலைக் கழுவிய தண்ணீரில் சிவப்பு ஒரு நூலாக இறங்கி, மெதுவாகப் பரவியது.

வாசலில் மாப்பிள்ளை காலிலிருந்து ரத்தம். அழுகிய தேங்காய்க்கும் அணைந்த விளக்குக்கும் எழுந்து போனவர் இரண்டடி தள்ளி நிற்கிறார். என் முதுகுதான் இன்னும் அவருக்கு மறைப்பாக இருந்தது. பந்தலுக்குள், மணவறைக்குப் பின்னால், சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்திருந்தாள். திரைக்கு அடியில் அவள் சேலைக் கரை தெரிந்தது.

நான் எட்டி, பக்கத்தில் நின்ற பெண்ணின் கையிலிருந்து ஆலத்தித் தட்டைப் பிடுங்கினேன். கற்பூரம் இன்னும் ஏற்றவில்லை. வெற்றிலையோடு அப்படியே அந்தக் கால் மேல் ஊற்றினேன். தாம்பாளம் முழுக்கச் சிவந்தது. எது ஆலம், எது மற்றது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

தட்டைப் பறிகொடுத்த பெண், "ஐயோ, சுத்தவே இல்லையே," என்றாள்.

"என்னா இது?" என்றார் அத்தை. குரல் உயரவில்லை. "ஆலத்தச் சுத்திக் கொட்டுவாங்க. கால்ல ஊத்துவாங்களா?"

"எங்க தோட்டத்து வழக்கம் அத்த," என்றேன். "மச்சினன் ஆலத்தாலதான் கால் கழுவுவான்."

"எந்தத் தோட்டத்துல?"

"எங்க தோட்டத்துல. மேப்பிரிவுல மட்டும்."

அத்தை அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. ஒரு கையால் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு, "ஆமாங்க," என்றார். "மேப்பிரிவுல மட்டும்."

சுண்ணாம்பு பச்சைப் புண்ணில் என்ன செய்யும் என்பது தெரியாதவனல்ல நான். அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்துத்தான் வளர்ந்தவன். மாப்பிள்ளையின் கை என் தோளுக்கு வந்தது. அவர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "இன்னும் இருந்தா ஊத்துங்க," என்றார்.

இரண்டாவது தட்டையும் வாங்கி ஊற்றினேன். என் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து அந்தக் காலைத் துடைத்து, துண்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"சரி. அவங்கவங்க வழக்கம்," என்றார் அத்தை.

வெறுங்காலோடு மாப்பிள்ளை மணவறை ஏறினார். ஒன்பதே காலுக்குத் தாலி கட்டினார். அக்கா தலை குனிந்தவள் நிமிரவில்லை. தலை குனிந்திருந்தவளுக்கு முதலில் தெரிந்தது அந்தக் கால்தான் என்பது எனக்குப் பிறகு விளங்கியது.

கூடலூரிலிருந்து வந்த போட்டோக்காரர் இரண்டு பேரையும் பந்தலுக்கு வெளியே நிறுத்தினார். அத்தை சப்பாத்தைத் தானே எடுத்துவந்து வைத்தார். "முழு ஆளும் விழணும். சப்பாத்து தெரியணும். எங்க தம்பிக்கு அனுப்பணும்," என்றார். வீங்கிய வலது கால் இனி எந்தக் கரண்டிக்கும் போகாது. மாப்பிள்ளை முன் விரல்களை மட்டும் நுழைத்து, குதிகால் வெளியே நிற்க, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அக்கா அரை அடி அவர் பக்கம் நகர்ந்தாள். குனியவில்லை, கையால் தொடவும் இல்லை. நகர்ந்ததும் கூறைச் சேலையின் கொசுவம் விரிந்து அந்தக் குதிகால் மேல் விழுந்தது.

"பொண்ணு ரொம்ப ஒட்டி நிக்குதே," என்றார் போட்டோக்காரர்.

"நிக்கட்டும்," என்றாள் அக்கா. அன்று காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

இரண்டு மணிக்கு வேன் வந்தது. ரோடு வரை சேறு. மாப்பிள்ளை லயத்துப் படியில் நின்று கீழே பார்த்தார். அத்தை தன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் காலால் அவர் முன்னால் தள்ளினார்.

"போடு."

"நீ எப்புடி வருவ?"

"நான் என்னா தொரைச்சாணியா? நடப்பேன். போடு," என்றார். பிறகு என் இடுப்பில் செருகியிருந்த துண்டைப் பார்த்தார். வெறுங்காலோடு வேன் வரை நடந்துபோய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா அழவில்லை. அம்மா அழுதார், அழுதால் இளைப்பு வரும் என்று நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை கால் முழங்கால் வரை வீங்கிக் காய்ச்சல் வந்து மாப்பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று தந்தி வந்தது. லீவு கேட்டு, மூன்று பஸ் மாறி, வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். வலது கால் இரண்டு தலையணை மேல் இருந்தது. பக்கத்து ஸ்டூல் காலி; அதன் மேல் அக்காவின் துணிப்பை மட்டும் இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் கம்பியில் ஓர் அட்டை தொங்கியது. பெயர், வயது, எஸ்டேட், சேர்ந்த தேதி. அதற்குக் கீழே, உடன் இருப்பவர் என்ற இடத்தில், மனைவி என்று எழுதியிருந்தது.